ஊதிப் பார்த்த மைக்

எங்கள் பக்கத்தில் மைக் முன்னால் போய் நிற்கிற எவரும் முதலில் இரண்டு ஊது ஊதுவார்கள். கட்சிக்காரர், பூசாரி, பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், எல்லாரும் அப்படித்தான். பனைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து ‘உஃப், உஃப்’ என்று வந்தால்தான் அதற்கு உயிர் இருக்கிறது என்று நம்புவார்கள். வாளையாரில் மைக் செட் வைத்திருந்தவர் முதன்முதலாக என் கையில் மைக்கைக் கொடுத்தபோதும், “ஊதிப் பாத்துட்டுப் பாடு தம்பி” என்றுதான் சொன்னார். மேடை ஏறிய மூன்று வருடத்தில் ஊதாமல் நான் ஒரு பாட்டும் பாடியதில்லை.

நாங்கள் பாடியது ராக் பாட்டு. எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ், தமிழில் நானே எழுதிய வரிகள். எழுபதுகளில் எங்கள் ஊரில் அதற்கு ‘கத்துற பாட்டு’ என்று பேர். பாலக்காட்டில் காலேஜ் சேர்ந்த பிறகு பிடித்த பித்து. எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா கடலைக்காட்டுக்கும் வயலுக்கும் சொந்தக்காரர், ஆனால் பத்திரத்தில் கைநாட்டுத்தான் வைப்பார். அவர் மகன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதை ஊரே நின்று பார்த்தது.

டிரம்ஸ் வாசித்தவன் மலைமேல் சித்திரபுரத்துக்காரன். தெற்கேயிருந்து மலையேறிய அவன் அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஹாஸ்டலில் என் அறையில்தான் இருந்தான். என்னை மாப்ள என்பான். திட்டும்போதும் மாப்ளதான்.

மேடை மைக் ஒரு இரும்புக் குண்டு. உதட்டை ஒட்டிப் பாடினால்தான் குழாயில் கேட்கும். கிட்டார்க் கம்பியில் கை இருக்கும்போது உதடு பட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கும். அதற்காக ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு பலகைமேல் நின்று பாடுவேன். ஒருமுறை சித்திரபுரத்தில் மழையில் மேடை நனைந்திருந்தது. முதல் வரியிலேயே ஷாக் அடித்து நான் அலறிவிட்டேன். கூட்டம் கை தட்டியது. இறங்கியதும் அவன், “எலே மாப்ள, அந்த எடத்துல ஒரு கத்து கத்துனியே, அத எல்லாப் பாட்டுலயும் போடுலே!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் உதடு இரண்டு நாள் தடித்துக் கிடந்தது.

படிப்பு முடிந்ததும் அப்பா வாளையாரில் ஒரு லாரி ஆபீஸில் எனக்கு வேலை சொல்லிவைத்தார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கோயமுத்தூரில் ஒரு வீட்டு மாடியில் பாட்டுப் பதிவு செய்கிற இடம் இருந்தது. அங்கே ஒரு பாட்டை டேப்பில் பதிந்து மெட்ராஸில் இசைத்தட்டுக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.

அப்பா சொன்னார். “ஒருக்காப் போய்ட்டு வா கண்ணு. ஆச்சுன்னா உன்ற இஷ்டம். ஆகலீன்னா அந்தப் பொட்டியத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு வேலைக்குப் போயிரோணும்.”

“செரிங்கப்பா” என்றேன்.

அந்த அறையின் சுவர் முழுக்கக் கயிற்றுப் பாய் அடித்திருந்தார்கள். என் எச்சிலை நானே விழுங்கும் சத்தம் கேட்டது. பாடுவதற்கான மைக், வளைந்த ஸ்டாண்டிலிருந்து தொங்கியது. ரெக்கார்டிங் செய்பவர் பாலக்காட்டு அக்கிரகாரத்துக்காரர், கண்ணாடி போட்டவர். உள்ளே போனதும் இருவரிடமும் ஊர், அப்பா வேலை எல்லாம் விசாரித்தார். “ஒரு முழம் தள்ளி நில்லு. இது உங்க மேடை மைக் இல்லையாக்கும், வாய்க்குள்ள போட்டுக்கறதுக்கு” என்றார். அதற்குள்ளே சிகரெட் பெட்டித் தாளைவிட மெல்லிசான ஒரு அலுமினிய நாடா இருப்பதாகவும், குரல் பட்டு அது அசைவதுதான் டேப்பில் ஏறும் என்றும் சொன்னார். பாட்டுக்கு அந்த ஒரு மைக்தான் அவரிடம் இருந்தது. ஊதாதே என்று மட்டும் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

டேப் மாட்ட அவர் பக்கத்து அறைக்குப் போனார். என் நண்பன் டிரம்ஸ் வைக்க இடம் போதாமல் மைக் ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்தினான். நான் பழக்க தோஷத்தில் வாயைக் கிட்டே கொண்டுபோய் ஊதினேன். ஒரு சத்தமும் வரவில்லை. அந்த அறையில் குழாய் ஏது? எனக்கு அது தோன்றவில்லை. மைக் செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, மூச்சை நன்றாக இழுத்து இன்னொரு முறை ஊதினேன்.

அவர் எட்டிப் பார்த்தபோது ஸ்டாண்டைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தது என் நண்பன்தான். பாடியதைப் பதிந்து, போட்டுக் காட்டினார். தகர டப்பாவுக்குள் அடைத்த குளவி மாதிரி இருந்தது என் குரல். அவர் ஓடிவந்து ஸ்க்ரூ டிரைவரால் மைக்கின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். நாடா தொய்ந்து ஒரு பக்கம் ஒட்டிக் கிடந்தது.

“யாரு ஊதினது?”

அவர் என் நண்பனைப் பார்த்தார். “நீதானே ஸ்டாண்டைப் பிடிச்சுண்டு நின்னாய்?”

“நான் இல்ல சார்.”

“அப்போ காத்து வந்து ஊதித்தோ?”

அவன் என்னைப் பார்த்தான். நான் ஊதியதை அவன் பார்த்திருந்தான். என் பேரைச் சொல்லவில்லை, நானே சொல்வேன் என்று காத்திருந்தான். பேசாமல் இருந்தால் ஒருவேளை டிரம்ஸுக்கு வைத்திருந்த மைக்கிலாவது பாட விடுவார் என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஆசை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தேயிலை கிள்றவா வீட்டுப் பையனுக்கு மைக்கோட அருமை எங்கேர்ந்து தெரியும்?” என்றார் அவர். கைநாட்டு வைக்கிறவர் மகன் நான், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. “ரெண்டு பேரும் எடுத்துண்டு கிளம்புங்கோ. இனி இங்க உங்களுக்குப் பாட்டும் இல்ல, கூத்தும் இல்ல.”

பஸ் ஸ்டாண்டில் டிரம்மைக் கயிற்றால் கட்டிக்கொண்டே அவன் கேட்டான். “ஏம்லே மாப்ள, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தாளு ஒன்னயத் தின்னுருவானா?”

நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னையச் சொன்னது போவுது. எங்கய்யாவ எதுக்குலே இழுத்தான்? அப்பவும் நீ மரம் மாதிரிதான நின்ன.”

அவன் ஊருக்குப் போகிற வழி, உடுமலை பஸ் வந்தது. ஏறும்போது, “வாரேன்” என்றான். மாப்ள என்று சொல்லவில்லை. பிறகு நான் சித்திரபுரத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். இரண்டிலும் உடம்பு சுகமா என்று கேட்டிருந்தேனே தவிர, அந்த மாடியைப் பற்றி ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. பதிலும் வரவில்லை.

மறுநாள் காலை அப்பா வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். “ஆச்சா கண்ணு?”

“இல்லீங்கப்பா. அவுங்க மைக்கு கெட்டுப்போச்சுங்க.”

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். “அப்ப அது உன்ற குத்தமில்லியே. மிஷினு கெட்டா நீ என்ன பண்ணுவ? வேற எடம் பாத்து இன்னொருக்காப் போய்ட்டு வா. அந்தக் கொட்டுக்காரப் பையனயும் கூட்டிக்கோ, நல்ல பையன்.”

தண்ணீர் என் காலைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அவரிடமாவது சொல்லியிருக்கலாம்.

“வேண்டாங்கப்பா. நான் லாரி ஆபீஸுக்கே போறனுங்க.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மதியம் நானே கிட்டாரைப் பெட்டியோடு பரணில் ஏற்றினேன். அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, “பாத்து வை சாமி, அடிபட்டுறப் போவுது. நாளைக்கு எடுக்கோணுமில்ல” என்றார்.