டாக்டர் சொன்னது நடக்கவில்லை

அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. அவரை நினைத்து இன்று வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

செலண்டார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். பெற்றோர் விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். எங்களுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அவர்தான். அத்தான் இளவயதிலேயே தவறிய பிறகு, புலாவ் செபாங்கில் ரவிக்கை தைத்தே மகனை ஆளாக்கினார். வாய் கொஞ்சம் அதிகம். அளவெடுக்கும்போதே, "போன தீவாளிக்கு இவ்வளவு இல்லையே லா!" என்று மானத்தை வாங்கிவிடுவார். ஆனாலும் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள்.

இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய் வந்து பல வருடங்களுக்குப் பிறகு, கிளினிக்கில் அவர் கண்ணின் உள்பக்கத்தைப் படம் எடுத்தார்கள். "ரத்தக்குழாய் கசியுதும்மா. இப்படியே விட்டா பார்வை போயிடலாம்," என்றார் டாக்டர், ஒரு தமிழ்ப் பெண். அக்காவுக்கு வந்ததே கோபம்!

"ஒரே தடவையில ஊசியில நூல் கோக்குறேன் லா. எனக்கா பார்வை போகும்? நல்ல வார்த்தையே வராதா?"

வீட்டுக்கு வந்ததும் உப்பையும் மிளகாயையும் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டார். அதோடு அந்தச் சொல் கழிந்துவிட்டதென்று கிளினிக் பக்கமே போகவில்லை.

பயம் எனக்குத்தான். தைக்க முடியாத அக்காவை என்னால் நினைக்கவே முடியவில்லை. கெஞ்சினேன், அழுதேன். கடைசியில் அவர் மகன், காய்கறி வாங்கப் பாசாருக்கு என்று காரில் ஏற்றிக் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டான்.

டாக்டர் கோபிக்கவில்லை. மறுபடி படம் எடுத்து, பழையதோடு சேர்த்துக் காட்டினார். கசிவு பரவியிருந்தது. "நான் சாபம் விடலம்மா. நடக்கக்கூடாதுன்னுதான் முன்னாலயே சொல்றேன். நீங்கதான் அதப் பொய்யாக்கணும்."

அடுத்தவர் சொல்லைப் பொய்யாக்குவதென்றால் அக்காவுக்குக் கேட்க வேண்டுமா! லேசர் சிகிச்சைக்குப் போனார். உயிரான தே தாரிக்கை, அந்த இனிப்புப் பால்தேநீரை, விட்டார். போகும்போதெல்லாம், "பாத்தீங்களா டாக்டர், இன்னும் பொய்தான்!" என்பார். டாக்டரும் சிரிப்பார்.

இதயம்தான் அவரைக் கொண்டுபோனது. பார்வை கடைசிவரை இருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே என் ரவிக்கையின் தோளைப் பார்த்து, "தையல் பிரிஞ்சிருக்கே. யாருகிட்டடி தச்ச?" என்றார்.

கசப்பானாலும் சொன்ன டாக்டருக்கும், தாதியருக்கும், பாசார் என்று பொய் சொன்ன மகனுக்கும், துக்கத்தில் எங்களோடு நின்ற உங்கள் அனைவருக்கும் குடும்பத்தின் நன்றி. இனிப்புநீர் உள்ளவர்கள், நன்றாகத்தானே தெரிகிறது என்று இருந்துவிடாமல் கண்ணைப் படம் எடுத்துப் பாருங்கள்.

அந்த ரவிக்கையை நான் இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை. அக்கா கடைசியாகக் கண்டுபிடித்த குறை அது. அப்படியே இருக்கட்டும்.