சரியான படத்தைத் தொடு

ஒரு மாடு, ஒரு மரம், ஒரு சைக்கிள், நான். எங்கள் நாலு பேரையும் பள்ளிக்கூடத்துப் போர்டில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேலே கேள்வி: பாலாறு ஏன் கெட்டது? சரியான படத்தைத் தொடு.

இதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சுடுகிறது. இருந்தாலும் அவசரப்படாமல் முதலிலிருந்தே சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவு. இதை எழுதி முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

ஆம்பூர் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தின் கேட்டில் கடை போடுகிறேன். கடை என்றால் ஒரு கோணி, ஒரு கூடை. கொய்யாப்பழம், நெல்லிக்காய், மாங்காய்ப் பத்தை, வேகவைத்த கடலை. அதற்கு முன்னால், முட்டி தேயும் வரைக்கும், தோல் ஷாப்பில் வேலை. படித்தவர்கள் டேனரி என்பார்கள். பச்சைத் தோலில் உப்புத் தட்டுவேன். டிரம்மில் மருந்தில் ஊறி நீலமான தோலை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்க் காயப்போடுவேன். ஈரத் தோல் பிணக் கனம் கனக்கும். ஆம்பளைக்குச் சமமாகத் தூக்கினவள் என்று மேஸ்திரியே நாலு பேர் முன்னால் சொல்வார். பெருமைக்காகத்தான் இதைச் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது?

பள்ளிக்கூடத்துக்கு அந்தப் புதுப் போர்டு வந்தபோது எனக்கும் சந்தோஷம்தான். பெரிய டிவி மாதிரி, முக்கால் சுவர் அகலம். விரலால் தொட்டால் படம் ஓடும். மற்ற டீச்சர்கள் அதற்கு ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் ஒரு சின்ன வயசு டீச்சர்தான் வேட்டியை எடுத்துவிட்டு அதை ஓட்டினாள். புத்தகத்தில் இருக்கும் மலை எந்த ஊர் மலையோ. அவள் ஏலகிரியைப் படம் பிடித்து வந்து, இதுதான் மலை, இதுதான் சரிவு என்று காட்டுவாளாம். பிள்ளைகள் சாயங்காலம் கூடையைச் சுற்றி நின்றுகொண்டு, கடலை தின்றுகொண்டே எனக்கு அதையெல்லாம் சொல்லும். சாக்பீஸில் எழுதிப்போட்ட பாடத்தைக் கேட் தாண்டுவதற்குள் மறந்துவிடுகிற பிள்ளைகள் அவை. இந்தப் போர்டில் பார்த்தது எதையும் மறக்கவில்லை.

ஒருநாள் அந்த டீச்சர் ரயிலுக்குப் போகிற வழியில் என் கூடைப் பக்கம் குந்தினாள்.

"ஆயா, நம்ம ஊரு தொழில வெச்சு ஒரு பாடம் பண்றேன். நீங்க தோல் ஷாப்புல இருந்தீங்களாமே. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"கெழவி மூஞ்சிய வெச்சு இன்னா பண்ணப் போற டீச்சரம்மா?"

"பசங்க பாக்கட்டும் ஆயா. அவங்க அம்மா அப்பா செய்யற வேலதானே."

அந்த ஒரு பேச்சில் நான் விழுந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, என்னிடம் இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, நான் வேலை செய்த ஷாப்புக்கே அவளைக் கூட்டிப் போனேன். வாட்ச்மேன் எனக்குத் தெரிந்தவர், உள்ளே விட்டார். எப்படித் தூக்குவது, எப்படி உதறுவது என்று செய்து காட்டினேன். முட்டி வலியை வெளியே காட்டவில்லை. அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டே, "இந்தத் தண்ணியெல்லாம் எங்க ஆயா போவும்?" என்று கேட்டாள். பின்பக்கம் கூட்டிப் போய் வாய்க்காலைக் காட்டினேன். "அப்படியே நில்லுங்க," என்றாள். தோளில் நீலத் தோல், பின்னால் கருப்புத் தண்ணீர், நடுவில் சிரித்துக்கொண்டு நான்.

கொஞ்ச நாள் கழித்து, சாயங்கால மணி அடித்ததும் பிள்ளைகள் கூட்டமாக ஓடி வந்தன. என்னைப் பார்த்ததும் விரலை நீட்டி, "மாசு! மாசு!" என்று கத்தின. கத்திவிட்டுக் கைதட்டின.

பக்கத்தில் சமோசா வண்டி வைத்திருக்கும் பாயிடம் கேட்டேன். "இன்னா பாய், இன்னா கத்துதுங்க?"

"உங்களுக்குப் பட்டம் குடுத்திருக்காங்கம்மா," என்று சிரித்தார். "எவ்ளோ வருஷமா சமோசா போடுறேன், எனக்கு ஒருத்தனும் குடுக்கல."

"பட்டமா? நல்லதா கெட்டதா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, "பேஜார் பண்ணிக்காதீங்கம்மா, பசங்க," என்றார்.

தினமும் நெல்லிக்காய் கேட்டு வரும் ஒரு சின்னப் பெண்தான் விவரம் சொன்னது. "ஆறு ஏன் கெட்டுச்சுன்னு கேள்வி வரும் ஆயா. உங்க படத்தத் தொட்டா மணி அடிக்கும், பூவா கொட்டும். நானே தொட்டேன் ஆயா!" அதன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் ஏதோ சினிமாவில் நடித்துவிட்டேன் என்கிற மாதிரி.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மறுநாள் ஒரு பிள்ளை கொய்யாப்பழத்தை எடுத்தது. கூட இருந்தது அதன் கையைத் தட்டி, "மாசு கையால வாங்காதடி, நோய் வரும்," என்றது. பழத்தை எடுத்த பிள்ளை அதைத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டது.

அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைத்தது, திரும்பவும் துடைத்தது.

கூடையைப் பாயிடம் விட்டுவிட்டு உள்ளே போனேன். ஹெட்மாஸ்டர் அறையில் அவரும் அந்த டீச்சரும் இருந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என் படத்தப் பாக்கணும் சார்."

"எந்தப் படம்மா?"

"டீச்சருக்குத் தெரியும்."

டீச்சர் முகத்தில் இன்னும் ஒன்றுமில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "வாங்க ஆயா, காட்றேன். அந்தப் பாடத்துக்கு ரொம்ப நல்ல பேரு. ஒரு பையன்கூடத் தப்பா சொல்லல," என்று வகுப்புக்குக் கூட்டிப் போனாள். பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. போர்டை எரியவிட்டாள். மாடு, மரம், சைக்கிள், நான். கேள்வியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கூட்டிப் படிக்கிறவளுக்கு எல்லாமே மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். ஆனால் இறங்கியது நன்றாக இறங்கியது.

"நான் தொடலாமா?"

"தொடுங்க ஆயா."

முதலில் மாட்டைத் தொட்டேன். மாடு தலையை ஆட்டியது. ஒரு அழுமூஞ்சிச் சத்தம் வந்தது. இல்லை என்று அர்த்தமாம். தோல் அதனுடையது, அதற்கே குற்றம் இல்லையாம். பிறகு என் முகத்தை நானே தொட்டேன். மணி அடித்தது. மேலேயிருந்து பூக்கள் கொட்டின. ஒரு பெண் குரல் "சபாஷ்!" என்றது. என் முகத்துக்கு அடியில் கொட்டை எழுத்தில் ஒரு சொல் வந்து நின்றது. மா. சு. யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இதுக்குத்தான் தலைக்குக் குளிச்சிட்டு வந்தேனா?" என்றேன்.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆயா, உங்கள சொல்லல. அந்த வாய்க்கால... அந்தத் தொழில..."

"வாய்க்காலு வேணும்னா வாய்க்கால எடுக்கணும். நடுவுல நான் எதுக்கு?"

"படம் நல்லா வந்திருந்தது ஆயா. ஆள் இருந்தா பசங்க கவனிப்பாங்கன்னு..."

ஹெட்மாஸ்டர் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். "விடுங்கம்மா, படத்த எடுத்துடறோம். இது ஒரு விழிப்புணர்வு. பசங்களுக்குப் புரியணுமில்ல?"

"இன்னா புரிஞ்சிச்சு சார்? என் கைல பழம் வாங்கக்கூடாதுன்னு புரிஞ்சிச்சு. எங்க தெருக் கெணத்துல எந்தக் காலத்துலயோ உப்பு ஏறிப்போச்சு. லாரித் தண்ணிக்குக் குடம் வெச்சிட்டு நிக்கிறவ நானு. அந்த நீலத் தண்ணியில நின்னு நின்னு கால்ல நகமே இல்ல, பாக்கறீங்களா? ஆத்த கெடுத்தவ நானாம்! தண்ணிய ஆத்துக்குத் தொறந்து விடுன்னு நானா சொன்னேன்? ஆள் படம்தான் வேணும்னா, சொன்னவரு படத்தப் போடுங்க."

ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஹெட்மாஸ்டரின் கண் தானாகப் போர்டின் கீழே போனது. என் கண்ணும் கூடவே போனது.

அங்கே ஒரு பித்தளைத் தகடு. அன்பளிப்பு என்று முதல் சொல். அதற்கு மேல் நான் எழுத்துக் கூட்டவில்லை. கூட்ட அவசியமில்லை. தகட்டின் மூலையில் இருந்த முத்திரையை நான் வருஷக்கணக்காகத் தோல் ஷாப் கேட்டில் பார்த்திருக்கிறேன், கழுத்தில் தொங்கிய அட்டையில் பார்த்திருக்கிறேன், பொங்கலுக்குக் கொடுத்த எவர்சில்வர் டப்பாவில் பார்த்திருக்கிறேன். அந்த டப்பா இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

"ரெண்டு வகுப்புக்குப் போர்டு குடுத்திருக்காங்கம்மா," என்றார் ஹெட்மாஸ்டர், குரலை இறக்கி. "அவங்க போர்டுலயே அவங்கள..."

"ஆமா சார். நான் போர்டு குடுக்கல. அதான் என் மூஞ்சி."

டீச்சர் அழ ஆரம்பித்தாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. அவள் என் கண் முன்னாலேயே படத்தை அழித்தாள். "இங்க அழிச்சா எல்லா எடத்துலயும் அழிஞ்சிடுமா?" என்று கேட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினாள். பாடம் நன்றாக இருக்கிறது என்று டீச்சர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாளாம். பல பள்ளிக்கூடங்கள் எடுத்துக்கொண்டனவாம்.

"எந்தெந்தப் பள்ளிக்கூடம்?"

"தெரியாது ஆயா. குரூப்புல சொல்லிடறேன், எல்லாரையும் எடுத்துடச் சொல்லி."

"சொல்லு. அதுக்கு முன்ன இந்தப் பசங்க முன்னாடி சொல்லு. நான் வந்து நிப்பேன்."

மறுநாள் காலையில் வகுப்பின் வாசலில் நின்றேன். உள்ளே வரச் சொன்னாள், போகவில்லை. அவள் பிள்ளைகளைப் பார்த்து, "ஆயா படத்தப் போட்டது தப்பு. மிஸ் செஞ்ச தப்பு. ஆத்த அவங்க கெடுக்கல. இனிமே யாரும் அவங்கள அப்படிக் கூப்பிடக்கூடாது," என்றாள். முழுசாகச் சொன்னாள். அதை நான் மறைக்க மாட்டேன்.

அப்போது, அந்த நெல்லிக்காய்ப் பெண் எழுந்து, "அப்ப சரியான விடை எது மிஸ்?" என்றது.

பிள்ளைகள் எல்லாம் போர்டைப் பார்த்தன. மாடு, மரம், சைக்கிள், காலியாக ஒரு கட்டம். டீச்சர் காலிக் கட்டத்தைப் பார்த்தாள். அடியில் இருந்த தகட்டையும் பார்த்தாள், நான் கவனித்தேன். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் சொல்கிறவள் அவள்.

"தொழிற்சாலைக் கழிவு," என்றாள். "எல்லாரும் எழுதிக்குங்க."

எல்லாப் பிள்ளைகளும் குனிந்து எழுதின. நான் கேட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அந்தச் சொல்லுக்குக் கை இருக்கிறதா, கால் இருக்கிறதா? காரில் வந்து இறங்குகிற முகம் இருக்கிறதா? என் முகத்தைப் போட ஒரு நிமிஷம் யோசிக்காதவர்களுக்கு, அங்கே மட்டும் முகமே இல்லாத ஒரு சொல் எங்கிருந்தோ கிடைத்துவிட்டது. இப்போது அந்தக் கட்டத்தில் ஒரு குழாய்ப் படம் இருக்கிறதாம். யாருடைய குழாயோ. தொட்டால் மணி அடிக்கிறதாம்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கத்துவதை நிறுத்திவிட்டன. கொய்யாப்பழம் வாங்குகின்றன. கையைத் துடைத்துக்கொண்ட பிள்ளையும் வாங்குகிறது. கொடுக்கிறேன். டீச்சரும் சில நாள் ரயிலுக்குப் போகும்போது நின்று, "நல்லா இருக்கீங்களா ஆயா?" என்பாள். "இருக்கேன்," என்பேன். அதற்கு மேல் பேச்சில்லை.

இது முடிந்த கதை என்றுதான் நினைத்திருந்தேன். தை மாதம் பேரணாம்பட்டுப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் முன்னே பின்னே பார்க்காத ஒரு குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று முகம் மலர்ந்து விரலை நீட்டி, "அம்மா, மாசு!" என்று கத்தியது. கையும் தட்டியது.

இலையில் சாப்பாடு அப்படியே இருக்க எழுந்தேன். குழந்தையை அதட்டவில்லை. அது சரியான படத்தைத்தான் தொட்டது. அதன் அம்மாவிடம், "எந்தப் பள்ளிக்கூடம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவள் பயந்துகொண்டே சொன்னாள்.

மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டிய பஸ்ஸை விட்டேன். கல்யாணத்துக்குக் கட்டிய சேலையையே கட்டிக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல், "யாரும்மா நீ? யாரப் பாக்கணும்?" என்றார்.

"உள்ள போர்டுல ஒரு பொம்பள நிக்குறா பாரு, தோளுல தோலு போட்டுக்கினு. அது நாந்தான். எறங்கி வெளிய வர வந்திருக்கேன். கதவத் தொற."