அம்மாவுக்குத் தலைவலி

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கணவரின் சாஃப்ட்வேர் வேலைக்காக தெலுங்கு ஊரான மாரெட்பள்ளிக்குக் குடிவந்தோம். மகள் இங்கிலீஷ் பாடத்தில் சந்தேகம் கேட்டால், தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து, தலைவலி என்று படுத்துவிடுவேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தமிழ்க்கார அக்கா, மகனின் புத்தகத்தோடு வந்தார். "இங்க 'வென்ட்' வருமா, 'ஹேட் கான்' வருமா? பாஸ்ட் டென்ஸ்னாலே எனக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம்! நீங்க சொல்லுங்க."

புத்தகத்தை வாங்கி, சும்மா பக்கங்களைப் புரட்டினேன்.

"அம்மாவுக்குத் தலைவலி ஆன்ட்டி. அப்பா வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றாள் என் எட்டு வயது மகள்.

அவர் போனதும், "ஏன்டி பொய் சொன்னே?" என்றேன்.

"நீ பயந்துட்டியேம்மா. எனக்கு எப்பவோ தெரியும்."

இங்கிலீஷ் தெரியாததற்காகக்கூட நான் அப்படிக் கூசிப்போனதில்லை. என் பயத்தை ஊராரிடமிருந்து மறைக்கும் வேலையையும், எனக்கே தெரியாமல், அந்தச் சின்னப் பெண் தன் பாடங்களோடு சேர்த்துச் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.