அடுத்த பஸ்

போர்க்காலத்தில், பிள்ளைகளை மதுரையில் விட்டுவிட்டு, நானும் மனைவியும் கொழும்பைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். செலவுக்குப் பயந்து எங்கு போனாலும் பஸ்தான்.

வெள்ளவத்தையில் ஒரு பெண்மணி ஏறினார். பஸ்ஸில் இடம் நிறைய இருந்தும், கூட நின்ற கணவர் ஏறவில்லை. என் மனைவியின் அருகில் உட்கார்ந்த பெண்மணி, மடியிலிருந்த குடையை இறுகப் பிடித்தபடி, பின்கண்ணாடியையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அவர் வரலையா அக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"அடுத்த பஸ்ஸில வாறார் தங்கச்சி. நாங்கள் ஒண்டாப் போறதில்லை. குண்டு வெடிச்சால் பிள்ளையளுக்கு ஒராளாவது மிஞ்சவேணும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். கை மட்டும் குடையை விடவில்லை.

கொட்டாஞ்சேனையில் எங்களோடு இறங்கியவர் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டார். நாங்கள் நடந்து தெருமுனை திரும்பும் வரை அடுத்த பஸ் வரவில்லை.

மாலையில் திரும்புவதற்கு எங்கள் பஸ் வந்தது. மனைவி ஏறினாள். நான் ஏறவில்லை. ஏன் என்று அவள் கேட்கவும் இல்லை.