மஞ்சள் ஃபோனின் நான்கு ஸ்க்ரூக்கள்

நான் இலேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. பலாபத்வலையில் வீதியோரத்து பெற்றோல் ஷெட் ஒன்றில் பம்ப் அடித்துக்கொண்டிருந்த நாட்களில் அந்தக் குணம் இன்னும் முற்றிப்போயிருந்தது. எண்ணெய் ஏற்றிய பவுசர் லொறியை ஓட்டி வருகிறவர் சிரித்தால்கூட, இந்த மனுசன் எதற்குச் சிரிக்கிறான் என்று யோசிப்பேன். அப்படிப்பட்ட என் முன்னால் முதலாளி ஒரு மஞ்சள் நிற ஃபோனைக் கொண்டுவந்து வைத்து, "இது பெற்றோல் ஆவியில நெருப்புப் பத்த வைக்காத ஃபோன், கொழும்புல சொல்லி எடுத்தது" என்றால் எனக்கு எப்படி இருக்கும்? இதே முதலாளிதான் "அசல் ஜப்பான்" என்று ஒரு ஜெனரேட்டரை வாங்கி வந்தார். அது ஒரு மாதத்தில் மூச்சை விட்டது.

அந்த ஃபோன் எதற்கு என்று சொல்ல வேண்டும். ஷெட்டுக்குப் பின்புறம், பம்ப் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், மண்ணுக்கடியில் மூன்று தாங்கிகள். தினமும் காலையில் கடை திறக்க முன், அவற்றின் மூடியைத் திறந்து நீளமான அளவுக் குச்சியை இறக்கி எண்ணெய் எவ்வளவு நிற்கிறதென்று பார்க்க வேண்டும். அது அக்காவின் வேலை. அக்கா என்றால் உறவு இல்லை. தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து எங்களோடு வேலை செய்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குச்சியில் ஈரம் நிற்கும் கோட்டையும் மூடியின் இலக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி முதலாளி கட்டளை போட்டிருந்தார். அக்கா தன் சாதாரண ஃபோனை நீட்டிக்கொண்டு, பெற்றோல் ஆவி குப்பென்று கிளம்புகிற தாங்கி வாய்க்கு மேல் குனிந்து நிற்பார். ஒரு சின்னப் பொறி போதும், ஆள் மிஞ்சமாட்டார். எரிபொருளுக்கு வரிசை நின்ற காலத்தில் 'தொலைபேசி பாவிக்க வேண்டாம்' என்ற பலகைக்குக் கீழேயே ஃபோனால் பங்கீட்டு க்யூஆர் அடித்துப் பழகியவர்கள் நாங்கள். பயம் விட்டுப்போயிருந்தது. சோதனைக்கு வந்த ஓர் அதிகாரி ஏசிவிட்டுப் போன பிறகுதான் மஞ்சள் ஃபோன் வந்தது.

அதைப் பாவிக்கும் விதத்தைச் சொல்லித்தர வந்தவர் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மாத்தயா, ஃபோன் விற்ற கம்பெனியின் ஆள். எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சிங்களத்தில் அரைமணி நேரம் விளக்கினார். நான் ஒரு சொல்லையும் காதில் வாங்கவில்லை. இந்த ஆள் பொய் சொல்கிறானா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இது ரப்பர் சட்டை போட்ட சாதா ஃபோன். முதலாளி தலையில நல்லா மொளகா அரைச்சிட்டாங்க" என்றேன்.

"ஆமா, உலகத்துல நீங்க ஒரு ஆள்தான் ஏமாறாதவரு. பம்ப்ல ஆட்டோ நிக்குது, போங்க தம்பி" என்றார் அக்கா.

எனக்குத் தாங்கவில்லை. பொய்ச் சாமானாக இருந்தால் போவது யார் உயிர்? முதலாளியினதா? குனிந்து நிற்கிற அக்காவினது அல்லவா! அன்று மதியம் முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார், அக்கா பம்பில் நின்றார். நான் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, என் மூக்குக்கண்ணாடியை முடுக்க வைத்திருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட்டை எடுத்து, ஃபோனின் பின்புறத்து நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றினேன்.

உள்ளே பார்த்து எனக்கு என்ன விளங்கியது? ஒரு மண்ணும் விளங்கவில்லை. கண்ணாடி மாதிரி இறுகிய பசையை எங்கும் ஊற்றியிருந்தார்கள். ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருந்தது. அது நழுவி என் மடியில் விழுந்தது. எத்தனை தரம் வைத்தாலும் ஒரு பக்கம் பிதுங்கியது. எப்படிப் பொருத்துவது என்று பார்க்க, ஃபோனோடு வந்த கடதாசியை அப்போதுதான் விரித்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு அதில் ஒரு வரி நன்றாகவே புரிந்தது. ஒருமுறை திறந்தால் பாதுகாப்பு போய்விடும், அதன்பின் எரிபொருள் இடத்தில் பாவிக்கக்கூடாது.

முதலாளி வருவதற்குள் வளையத்தை அமுக்கி, ஸ்க்ரூக்களை முடுக்கி, ஃபோனை மேசை லாச்சியில் வைத்துவிட்டேன். முடுக்கும்போது ஒரு ஸ்க்ரூவின் தலை சிராய்ந்துவிட்டது.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், இத்தனை நக்கலடித்த பிறகு எந்த முகத்தோடு சொல்வது என்ற வெட்கம் மறுபக்கம். பொய்ச் சாமான் என்றால் திறந்தால்தான் என்ன என்று எனக்கு நானே கதையும் விட்டேன். ஆனால் காலையில் பின்பக்கத்தில் தாங்கி மூடி 'டங்' என்று திறக்கும் சத்தம் கேட்டதும் பம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூடி மூடுகிற சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும். மூன்று காலை இப்படியே போனது.

நாலாவது காலையில் பவுசர் வந்து எண்ணெய் இறக்கியது. காற்றே இல்லை. ஆவி நான் நின்ற இடம்வரை வந்து மூக்கை அறுத்தது. இறக்கி முடிந்ததும் மறுபடி அளவு பார்க்க வேண்டும். 'டங்' என்று கேட்டது. மூடுகிற சத்தத்துக்குக் காத்து நின்றேன், பவுசர் கிளம்பிய இரைச்சலில் அது கேட்கவில்லை. ஓட்டமாக ஓடினேன்.

"அக்கா! ஃபோனை எடுக்காதீங்க!"

தாங்கிப் பக்கம் யாரும் இல்லை. மூடி திரும்பவும் மூடியிருந்தது. தூரத்தில், மதிலோரத்து ஜம்பு மரத்தடியில் அக்கா நின்றார். குச்சியை மதிலில் சாய்த்து, பக்கத்தில் தாங்கி இலக்கமாக '2' என்று எழுதிய அட்டைத் துண்டை வைத்து, தன் சொந்த ஃபோனால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் ஃபோன்?" என்றேன், மூச்சு வாங்க.

"லாச்சியில. மூணு நாளா அங்கதான் கெடக்கு. ஒரு ஸ்க்ரூ செராஞ்சிருந்துச்சு. தொறந்தா தொடவே கூடாதுன்னு அந்த மாத்தயா அத்தன தடவ சொன்னாரே."

"நான்தான் அக்கா தொறந்தேன்."

"தெரியும். கண்ணாடி முடுக்குற செட்டு உங்ககிட்டத்தானே இருக்கு."

"அப்ப ஏன் என்னைக் கேக்கல?"

அக்கா குச்சியைத் துணியால் துடைத்தார். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். வாயால சொல்ல வெக்கம்னா, மூடி தொறக்குற சத்தம் கேட்டாவது ஓடியாருவீங்கன்னு நெனச்சேன். மூணு நாளு. ஒரு தடவ எட்டிக்கூடப் பாக்கலையே தம்பி."

அன்றே முதலாளியிடம் சொன்னேன். "யா அல்லாஹ்" என்று தலையில் கை வைத்தார், வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஃபோன் கொழும்புக்குப் போய், சோதித்து, புதிய வளையம் போட்டுத் திரும்பி வந்தது. அசல் சாமான்தான்.

அன்றிலிருந்து நான் அங்கே இருந்த கடைசி நாள்வரை, தாங்கிப் பக்கம் போவதற்கு முன் அக்கா என் முன்னால் நின்று அந்த ஃபோனைத் திருப்புவார். நான்கு ஸ்க்ரூக்களையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பார்.