கல்பகம் கேட்ட கேள்வி: முல்தானி மண்ணில் என்ன கலந்திருக்கிறது?

கல்பகம் எதையும் சும்மா நம்பிவிடுகிறவள் இல்லை. உப்பல் பக்கம் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் தரப் பரிசோதனை வேலை. வந்து இறங்கும் உதிரிபாகம் எல்லாமே கோளாறு என்று வைத்துக்கொண்டுதான் அளக்கவே தொடங்குவாள். வீட்டிலும் அதே கண்தான். "உன்கிட்ட பாஸாகறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்பார் கணவர் ராமசுவாமி.

மகள் ஸ்ரேயாவுக்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகு முகமெல்லாம் பரு. காலையில் கழுவிய முகம் வகுப்புக்குப் போய்ச் சேருவதற்குள் எண்ணெய் வழியும். மெட்டுகுடாவில் அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடிவந்த ஜுலைகா அதைப் பார்த்துவிட்டு ஒரு டப்பாவில் முல்தானி மண் கொண்டுவந்து கொடுத்தாள். கீழக்கரைப் பெண். அவள் கணவன் இர்பானுக்குக் கச்சிபௌலியில் வேலை.

"கட்டியா வாங்கி நானே இடிச்சுச் சலிச்சது அக்கா. பன்னீர் விட்டுக் குழைச்சுப் போடச் சொல்லுங்க. எண்ணெயை இழுக்கும். ஒரேயடியா காய விட்றாதீங்க, தோல் வறண்டுடும்."

ஒரு வாரம் போவதற்குள் ஸ்ரேயாவின் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. ராமசுவாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்பகத்துக்கோ சந்தேகம். மண் எண்ணெயை உறிஞ்சும், சரி. பழுத்துச் சிவந்த பருவை இத்தனை சீக்கிரத்தில் அடக்குமா?

அன்றிலிருந்து ஜுலைகா மேல் ஒரு கண் வைத்தாள். மாடிப்படியில் ஒருநாள் அவள் கையில் மருந்துக்கடைப் பை.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"அவருக்கு இருமல் அக்கா."

கல்பகம் நம்பவில்லை. டப்பாவிலிருந்து ஒரு கரண்டி மண்ணை டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்துப் பார்த்தாள். மண் அடியில் படிந்தது. மேலே மிதப்பு எதுவும் இல்லை. முகர்ந்தால் மண்வாசனை மட்டும்தான். அப்படியும் மனம் ஆறவில்லை. தன் கண்ணில் படாமல் மகளிடம் வேறு பொட்டலம் கொடுக்கிறாளோ?

நேரே மாடிக்குப் போய்க் கேட்டேவிட்டாள். "உண்மையைச் சொல்லு. அந்த மண்ணுல என்ன கலக்கறே?"

ஜுலைகாவின் முகம் சுருங்கிப்போனது. உள்ளே போய் மண்கட்டிகள் இருந்த பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "நீங்களே இடிச்சுப் பாருங்க அக்கா."

அடுத்த சனிக்கிழமை கல்பகம் கடைக்குப் போனவள் பை எடுக்க மறந்து பாதியில் திரும்பினாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. ஸ்ரேயா கண்ணாடி முன் நின்று மண் பூசிக்கொண்டிருந்தாள். கிண்ணத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசனை வந்தது. வாளிக்குப் பின்னால் பிதுக்கிச் சுருட்டிய ஒரு களிம்பு டியூப்.

"இது என்னடி?"

"நக்கோ அம்மா, வேணாம், கத்தாதே. என் கிளாஸ் சாஹித்யா சொன்னா. இதைக் கொஞ்சம் கலந்தா சீக்கிரம் போயிடும்னு. அவ ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் போடறாங்க."

"டாக்டர் எழுதிக் கொடுத்தாரா?"

"மெடிக்கல் ஷாப்ல கேட்டாலே தராங்க."

டியூப்பில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தாள் கல்பகம். ஸ்டீராய்டு. அன்றே நிறுத்தவைத்தாள். நிறுத்திய சில நாளில் முகம் கொதித்துச் சிவந்தது, முன்பைவிட மோசமாகப் பரு கிளம்பியது. சருமநோய் டாக்டர் டியூப்பைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். மண் செய்த வேலை இல்லை இது, ஸ்டீராய்டு போட்டு நிறுத்தியதால் வந்தது, அடங்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை முகத்தில் மண்ணும் வேண்டாம் என்றார். அவர் எழுதிய மருந்தையும் கல்பகம் இன்னொரு டாக்டரிடம் காட்டிய பிறகுதான் வாங்கினாள்.

அதன்பின் மாடிக்குப் போனாள். ஜுலைகா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"உன்னைத் தப்பா கேட்டுட்டேம்மா."

"புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"எரியுதுங்கறா."

"பாவம்" என்றாள் ஜுலைகா. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"நீ சந்தேகப்பட்டது சரியாத்தானே போச்சு?" என்று ராமசுவாமி அன்று தேற்றப் பார்த்தார்.

"சரிதான். ஆனா வீட்டுக்குள்ள பார்க்கலையே."

துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டுதான் ஸ்ரேயா அந்த வெயில்காலம் முழுக்க வண்டி ஓட்டினாள். மழை பிடித்தபோது சிவப்பு பெரும்பாலும் வடிந்திருந்தது. ஜுலைகா படியில் எதிர்ப்பட்டால் சிரிப்பாள், ஸ்ரேயாவை விசாரிப்பாள். அந்தச் சிரிப்பில் பழைய வருத்தம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கல்பகம் ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்ப்பாள்.