துரையின் இலவம்பஞ்சுப் பனி

கம்பளைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்துப் பங்களாவில் நான் குசினிக்காரனாக, சமையல் வேலையில், இருந்தேன். நெருப்பு என்றால் அந்த வெள்ளைக்காரத் துரைக்கு நடுக்கம். தன்னுடைய நெருப்பு அல்ல, எங்களுடைய நெருப்பு.

நத்தார், அதுதான் கிறிஸ்துமஸ், வந்தால் நடுக்கம் உச்சிக்கு ஏறும். விருந்தாளிகள் தங்கும் நாட்களில் மாலை ஐந்து மணிக்குமேல் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் ஓர் அடுப்பும் எரியக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். லயத்துக் கூரை மானாப்புல், கூலிக்காரனுக்கு நெருப்பைக் கையாளத் தெரியாது, ஒரு பொறி பறந்தால் தோட்டமே போய்விடும் என்பார். பங்களாக் கூரையும் அதே மானாப்புல்தான். லயத்தில் வாசலுக்கு ஒரு குடம் தண்ணீர் வைக்கவும் உத்தரவு. கோப்பிப் பழம் பறித்து நனைந்து வந்த சனம், விடியலில் வடித்த சோற்றை ஆறிப்போனபடியே தின்றது.

அந்த வருடம் லயத்தில் என் மனைவி பிள்ளை பெற்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. பச்சை உடம்பு. மாலையானால் குளிரில் பல் கிடுகிடுக்கும்; பிள்ளையின் பாதம் சில்லிட்டுக் கிடக்கும். ஒரு சட்டி வெந்நீருக்காவது அடுப்பு மூட்ட விடும்படி கங்காணியிடம் கெஞ்சினேன். துரையிடம் போய்க் கேட்கும் தைரியம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இப்படி மூன்று மாலை போனது.

நத்தார் அன்று காலை துரை காட்டில் ஒரு மரத்தை வெட்டுவித்துக் கூடத்தில் நிறுத்தினார். அவருடைய ஊரில் இந்தப் பருவத்தில் மரமெல்லாம் பனியாம். ஆகவே தலையணையைக் கிழித்து, இலவம்பஞ்சைக் கிளைகளில் பரப்பச் சொன்னார். அதற்கு நடுவில் நாற்பது மெழுகுதிரி. பஞ்சு உடனே பற்றிக்கொள்ளும் என்றேன். குசினி வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார். படித்த மனிதர். அவர் ஊர்ப் பனி தண்ணீர், இது பஞ்சு என்பது அவருக்கே உறைக்கவில்லை.

வெயில் இறங்கியதும் திரிகளை ஏற்றினார்கள். பேராதனையிலிருந்து வந்த துரைசானி ஒருவர் பாடத் தொடங்கினார். இரண்டாவது அடிக்கு முன்பே மரம் மேலிருந்து கீழ்வரை எரிந்தது. விருந்தாளிகள் வெளியே பாய்ந்தார்கள். எங்கள் துரை பிராந்திப் போத்தலைக் காப்பாற்றிக்கொண்டு புல்தரையில் நின்றார். விருந்துச் சமையலில் குசினித் தண்ணீரும் தீர்ந்துபோய், பங்களாவில் ஒரு குடம் தண்ணீர் இல்லை. லயத்துச் சனம்தான் வாசல் குடங்களைத் தூக்கிக்கொண்டு மேடேறி ஓடி வந்தது. நனைத்த சாக்கால் அடித்து அணைத்தோம். கூரையில் ஒரு மூலை மட்டும் போனது.

துரை திரும்பி வந்ததும் கங்காணியைக் கூப்பிட்டார். லயத்தில் எவன் அடுப்பு மூட்டினான், பொறி அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று அதட்டினார். எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. இந்த மண்டூகத்துக்கா இத்தனை நாள் பயந்தேன்?

குசினிக்குள் போய்ச் சட்டி நிறையத் தணலை அள்ளிக்கொண்டு அவர் முன்னாலேயே நடந்தேன். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டார்.

"லயத்துக்குங்க. அடுப்பு மூட்ட."

கரிந்த மரத்தையும், பார்த்துக்கொண்டிருந்த விருந்தாளிகளையும் ஒரு முறை பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

வெந்நீர் கொதித்தது. மனைவி சூடான துணியால் பிள்ளையின் பாதத்தைச் சுற்றினாள். துரை சம்மதித்தாரா என்று கேட்டாள். யாரையும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப மொத நாளே எடுத்துட்டு வந்திருக்கலாமே."

துரையை முட்டாள் என்று சொல்ல எனக்கு இன்றும் நாக்குக் கூசுவதில்லை. அதே சொல்லை எனக்குச் சொல்லிக்கொள்ளத்தான் கூசுகிறது.